அம்மாவின் கட்டைவிரல்

ஆவணி 12, வியாழன்.

அம்மா வேலை செய்யும் பீங்கான் யூனிட்டில் விளக்குகளுக்குப் புது பிராண்ட் பெயர் வைத்திருக்கிறார்கள். பெட்டி, பை, சுற்றும் தாள் எல்லாவற்றிலும் ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வர வேண்டுமாம். நான் நன்றாக வரைவேன் என்று முதலாளி என்னிடம் கேட்டார். விளக்கு செய்கிறவர்களின் கைரேகையையே அடுக்கலாம் என்றேன். அவருக்குப் பிடித்துவிட்டது.

இன்று சாயங்காலம் அம்மாவின் கட்டைவிரலில் மை தடவித் தாளில் அழுத்தினேன். கோடுகளே இல்லை. வெறும் கறுப்பு வட்டம். மற்ற விரல்களும் அப்படித்தான்.

"ரேஷன் கடை மிஷினுக்கே தெரியல, ஒனக்கு எங்கடி தெரியப் போவுது?" என்று அம்மா சிரித்தாள். பதினோரு வருடமாக ஈரப் பஞ்சால் விளக்குகளின் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்குகிறாள்.

"ஒன் விரல வையி. யாரு பாக்கப் போறா?"

வைத்தேன். ஒவ்வொரு கோடும் தெளிவாக விழுந்தது. அதையே வரிசையாக அடுக்கினேன். ஓரத்தோடு ஓரம் சேர்ந்து, எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. அழகாகத்தான் இருக்கிறது.

அம்மா வெகுநேரம் அதையே பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"லீவுல வெளக்குத் தேய்க்க நானும் வரேன்னியே, வேணாம்" என்றாள்.

டிசைனுக்குக் கீழே 'எங்கள் கைகளால்' என்று எழுதச் சொல்லியிருக்கிறார் முதலாளி. அதை மட்டும் இன்னும் எழுதவில்லை.