தூள் போடாமல் இழுத்த லீவர்

சூரமங்கலம்,
6 மார்ச் 2025

அன்புள்ள அக்சிலியாவுக்கு,

சேசு மரி சூசை துணை. நான் நலம் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு நீ ராசிபுரத்தில் உன் அண்ணன் வீட்டில் கிடக்கிறாய். அதற்குக் காரணமானவன் இங்கே மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருக்கிறேன்.

போன் செய்தால் சவரியார் மச்சான்தான் எடுக்கிறார். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார். நீ எடுத்தாலும் உன்னால் பேச முடியாது. அதனால்தான் தபால். வேலையில் சேர்ந்த புதிதில் ஜோலார்பேட்டையிலிருந்து உனக்கு எழுதியதோடு சரி, கை பழக்கமே விட்டுப்போயிற்று.

அந்தக் காலை கண்ணை விட்டுப் போகவில்லை. ஏற்காட்டு பங்களா ஏலத்தில் எடுத்து வந்த இத்தாலிக் காபி மெசினுக்கு வாஷரெல்லாம் புதிதாகப் போட்டு, பாய்லரைச் சூடேற்றிவிட்டு, “மொதல் காபி உன் கையாலதான்” என்று துணி துவைத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன். பேச்சு மும்முரத்தில் கிண்ணத்தில் தூளே போடாமல் மாட்டியிருக்கிறேன். தூள் இருந்தால்தான், கீழே இழுத்துவிட்ட லீவர் நிதானமாக மேலே ஏறும். இல்லையென்றால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அதை ஒரே வீச்சில் தூக்கி எறியும். நம் வீட்டில் இது தெரிந்த ஒரே ஆள் நான். நான்தான் “இழுத்து உடு, குனிஞ்சு பாரு, எப்படிச் சொட்டுதுன்னு” என்றேன். நீயும் நம்பிக் குனிந்தாய்.

நேற்று சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, ஈஸ்டர் வரை காபி தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன். மெசின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டேன். உன் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

உன்
சகாயராஜ்


ராசிபுரம்,
10 மார்ச் 2025

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் இழவுக் கடிதம் மாதிரி இருந்தது. நான் இன்னும் சாகவில்லை. அண்ணி காலையில் பருப்புத் தண்ணி தருகிறாள், மத்தியானம் கேழ்வரகுக் கூழ், ராத்திரி மறுபடியும் பருப்புத் தண்ணி. எல்லாம் ஸ்ட்ராவில்தான். பக்கத்துக் கடையில் நெய் உருக்குகிறார்கள். வாசனையைப் பிடித்துக்கொண்டு கூழ் குடிக்கிறேன். என்னைப் பேசவிடாமல் செய்ய இத்தனை வருடம் பாடுபட்டீர்கள், கடைசியில் ஒரு மெசின் செய்துவிட்டது.

இருக்கட்டும். அண்ணன் ஏன் போனை வைத்துவிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடமும் அண்ணனிடமும் “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா” என்று சொன்னது நீங்கள்தானே? பெண்டாட்டியை அடிக்கிறவன் ஊரில் வேறு என்ன சொல்கிறான்?

நான் சிலேட்டில் ‘காபி மெசின்’ என்று எழுதி அண்ணனிடம் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, “ஏனம்மிணி, மெசினு கை நீட்டி அடிச்சுதாக்கும்? புருசனைக் காப்பாத்தறதுக்கும் ஒரு அளவு வேணுமல்லோ!” என்றார். அண்ணி அழுகிறாள். நான் இல்லை இல்லை என்று தலையாட்ட, இன்னும் அதிகமாக அழுகிறாள். இனிமேல் அந்த வீட்டுக்கு என்னை அனுப்புவதில்லை என்று அண்ணன் முடிவே செய்துவிட்டார்.

நீங்கள் வந்து நடந்ததைச் சொல்லுங்கள். அது போதும். நோன்பெல்லாம் எனக்கு வேண்டாம்.

உங்கள் சின்ன வீடு சௌக்கியமா? மெசினைத்தான் கேட்கிறேன்.

அக்சிலியா


சூரமங்கலம்,
16 மார்ச் 2025

அன்புள்ள அக்சிலியாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மெசின் விஷயம், பொய் சொன்ன விஷயம், ஒன்று விடாமல் சாமியாரிடம் சொன்னேன். ஜெபமாலை சொல்லச் சொன்னார். முட்டி போட்டுச் சொல்லி முடித்தேன். மனசு கொஞ்சம் லேசாயிற்று.

மச்சானிடமும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உனக்குத் தெரியாதா? “எங்க மாப்பிள்ளை ரயில் எஞ்சினையே கழட்டிப் பூட்டறவருங்க” என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அவர் முன்னால் போய், ஒரு காபி மெசினில் தூள் போட மறந்து உங்கள் தங்கை தாடையை உடைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரியிலும் இதுதான் வாயை அடைத்தது. யோசிப்பதற்குள் பாத்ரூம் என்று வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சனியன். காயலான் கடைப் பூபதியை அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். உடைத்து எடுத்துப் போகட்டும். அது தொலைந்தால்தான் எனக்கு நிம்மதி.

உன்
சகாயராஜ்


ராசிபுரம்,
19 மார்ச் 2025

அன்புள்ள உங்களுக்கு,

இது கையில் கிடைத்ததும் முதல் வேலையாகப் பூபதிக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் இரண்டு பேரைத் தவிர அன்று அங்கே இருந்தது அது ஒன்றுதான். அதையும் உடைத்துவிட்டு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள்?

சாமியாரிடம் சொல்லிவிட்டீர்கள், சரி. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் செத்தாலும் வெளியே சொல்ல மாட்டார். அது தெரிந்துதானே அவரிடம் போய்ச் சொன்னீர்கள்? கடவுள் உங்களை மன்னித்திருப்பார். இந்த வீட்டில் உங்களைக் கொலைகாரனைப் போலப் பேசுகிறார்கள், நான் வாயில் ஸ்ட்ராவை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அடிபடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் உங்கள் முழங்கை கன்னிப்போயிருந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றீர்கள். மெசின் அடித்ததுதான் என்று அன்றே எனக்குத் தெரியும். தெரிந்தால் தூக்கி வெளியே போடச் சொல்வேன் என்று மறைத்தீர்கள். நானும் கண்டும் காணாமல் இருந்துவிட்டேன். ரிட்டயர் ஆன பிறகு நீங்கள் வாய்விட்டுப் பாடியது அந்த மெசினைத் துடைக்கும்போதுதான். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் இந்தத் தாடையில் என் பங்கும் இருக்கிறது, முழுப் பழியையும் நீங்களே சுமக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று மட்டும் உங்களுடையது. டாக்டரம்மாவிடம் வழுக்கி விழுந்தாள் என்று சொல்லிவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தீர்கள். காட்டிக் கொடுத்துவிடாதே என்கிற பார்வை. ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தவளை அப்படிப் பார்த்தீர்கள். அடி வலித்தது. அந்தப் பார்வை அதைவிட வலித்தது.

அக்சிலியா


சூரமங்கலம்,
26 மார்ச் 2025

அக்சிலியா,

பூபதி வந்தார், திருப்பி அனுப்பிவிட்டேன். சாக்கை எடுத்தேன். உன் ரத்தம் ஒரு சொட்டு லீவர் அடியில் காய்ந்து கிடந்தது. துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ்ஸில் வருகிறேன். மெசினையும் தூக்கிக்கொண்டு வருகிறேன். மச்சானிடம் சொல்லி வை. அடிப்பதாக இருந்தால், நான் மெசினைக் கீழே இறக்கி வைத்த பிறகு அடிக்கட்டும்.

சகாயராஜ்


ராசிபுரம்,
2 ஏப்ரல் 2025

அன்புள்ள உங்களுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? நீங்கள் போன பிறகும் இந்த வீட்டில் அதே பேச்சுதான்.

கூட்டு வைக்க அண்ணி வைத்திருந்த சுரைக்காயை நீங்கள் கேட்டதும், இந்த மனுசனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றுதான் நானே நினைத்தேன். அதை அன்று என் தாடை இருந்த இடத்தில் நிற்க வைத்து, தூள் போடாமல் லீவரை இழுத்துக் கையை விட்டீர்களே, சுவரெல்லாம் சுரைக்காய். அண்ணி கூப்பாடு போட்டது தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணன் சுவரில் ஒட்டியதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஏனுங்க மாப்பிள்ளை, அப்புறம் எதுக்குங்க வழுக்கி உழுந்துதுன்னு சொன்னீங்க?” என்று கேட்டாரே, அப்போது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. “வெக்கமா இருந்துச்சுங்க மச்சான்” என்றீர்கள். தலை குனிந்துதான் சொன்னீர்கள், ஆனாலும் சொன்னீர்கள்.

அண்ணன் இப்போது இதுவரை பேசியதற்கெல்லாம் வருந்துகிறார். அடுத்த தடவை வந்தால் கோழி அடிக்கச் சொல்லியிருக்கிறார். தவக்காலமாயிற்றே, ஈஸ்டருக்குப் பிறகுதான் அடிக்க முடியும் என்று நான் சிலேட்டில் எழுதிக் காட்டினேன்.

ஆனால் இன்னும் முடியவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் உங்களை வெளியே அனுப்பிவிட்டு டாக்டரம்மா என்னிடம் காகிதம் கொடுத்து, நடந்ததை எழுதச் சொன்னார். நானும் ‘வழுக்கி விழுந்தேன்’ என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவை காட்டப் போகும்போதும் அவர் என் தோளைத் தொட்டு, “வீட்ல பயமில்லாம இருக்கீங்களாம்மா?” என்று கேட்கிறார். நிஜமாகவே அடிவாங்கி வருகிற பெண்களும் அதே வரியைத்தானே எழுதிக் கொடுப்பார்கள்? உங்கள் கௌரவத்துக்காக நான் அவர்களுடைய வரியை எடுத்துக்கொண்டேன். அது என்னை உறுத்துகிறது.

16ஆம் தேதி, புனித வாரத்துப் புதன்கிழமை, கம்பி எடுக்கிறார்கள். நான் வாய் திறப்பதற்கு முன்னால் நீங்கள் அவரிடம் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னால், புருசனுக்காகப் பேசுகிறேன் என்றுதான் நினைப்பார். நீங்கள் சொல்லாவிட்டால் நான் உங்களோடு வீட்டுக்கு வராமல், ஆஸ்பத்திரியிலிருந்தே அண்ணனோடு ராசிபுரம் பஸ் ஏறிவிடுவேன். கோபத்தில் எழுதவில்லை. நிதானமாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அக்சிலியா


ஆஸ்பத்திரி,
16 ஏப்ரல்

ஏங்க,

மருந்து வாங்க நீங்கள் வரிசையில் நிற்கிறீர்கள். பேசலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இருந்தாலும் இதைப் பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் தாடை வலிக்கிறது. அதனால் மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி உங்கள் கையில் கொடுக்கிறேன்.

என் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. வர மாட்டீர்கள் என்றே நினைத்துப் பயந்துபோயிருந்தேன். எங்களுக்கு முன்னால் வந்து டாக்டரம்மா அறை வாசலில் நீங்கள் நின்றதைப் பார்த்தபோது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அவ வழுக்கி விழல டாக்டர். நான் பொய் சொன்னேன். என் தப்பாலதான் அடிபட்டுது” என்று சொல்லி, லீவர், தூள், ஸ்பிரிங் எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினீர்கள். அவர் முழுதாக நம்பினாரோ என்னவோ, உங்களை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். நீங்கள் அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு நின்றீர்கள். ஒரு தடவைகூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. நான் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டர் வரைக்கும் ராசிபுரத்தில் இருந்துவிட்டுப் போகச் சொன்னார் அண்ணன். வேண்டாம், என் வீட்டுக்குப் போகிறேன் என்று வாயாலேயே சொன்னேன். கம்பி எடுத்த பிறகு பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஈஸ்டர் அன்றைக்குப் பூசை முடிந்து வந்து, உங்கள் மெசினில் எனக்கு ஒரு காபி போடுங்கள். தூள் போட்டீர்களா என்று நான் பார்த்த பிறகுதான் கிண்ணத்தை மாட்ட வேண்டும். லீவரை நீங்களே இழுங்கள். நான் கொஞ்ச நாளைக்கு எட்டியே நிற்கிறேன்.

அக்சிலியா