தேதி மாறாத லேப்டாப்பு

கண்ணு அர்ச்சனா, நைனா எழுதறேன். நானும் உங்கம்மாவும் இங்க ஏதோ கீறோம், அந்தக் குளிர் தேசத்துல நீயும் மாப்பிள்ளையும் நோவு நொடி இல்லாம இருந்தா அதுவே போதும். போன்ல சொன்னா நடுவுல நீ கேள்வி கேப்ப, எனக்குக் கோர்வை உட்டுப்போவும், அதான் எழுதி போட்டோ புடிச்சி அனுப்பறேன். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் கீது, எறாவும் இந்த வருஷம் கம்மி, எனக்கும் ஒரே அசதி, எதுலயும் மனசு ஒட்டல.

விஷயம் இன்னான்னா, பன்னெண்டாவதுல கவர்மெண்ட் உனக்குக் குடுத்த லேப்டாப்புல சீட்டுக்கட்டு கேம் ஆடி ஆடி, அதே மாதிரி பேர கலைச்சிப் போடற புரோகிராம் ஒன்னு நம்ம ஊருக்கு எழுதிக் குடுத்த இல்ல, ஏரியில யாருக்கு எந்தப் பாடு, யார் எங்க வலை கட்டறதுன்னு குடத்துல சீட்டு குலுக்கி சண்ட போட்டுக்கினு இருந்தவங்க, அது வந்தப்புறம் வருஷத்துக்கு ஒருதரம் அம்மன் கோயில்ல லேப்டாப்ப வச்சி சூடம் காட்டி பட்டன தட்டி, வந்தத ஏத்துக்கினாங்க. ஆனா மூணு வருஷமா எல்லாருக்கும் அதே எடந்தான் வருது. எனக்கு முகத்துவாரத்துக்கிட்ட, பக்கத்து வூட்டு வேதாசலத்துக்கு முட்டியளவு சேத்துல. அம்மன் சொன்னா சொன்னதுதான்னு ஊரே கன்னத்துல போட்டுக்கிச்சி. எனக்கு உறுத்துச்சி கண்ணு, ஆனா வந்தது நல்ல எடம், வாய மூடிக்கினேன். வேதாசலம் மொட்ட போட்டான், படகு பேர மாத்தினான், ஒன்னும் ஆவல. ருக்கு அவனக் கட்டிக்கினு வந்த வருஷத்துலேர்ந்துதான் இப்படின்னு எவனோ ஓதிவுட, போன வாரம் அவள காட்டூருக்கு, அவங்க அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டான். அவ பைய எடுத்துக்கினு படகு ஏறினத பாத்தேன், அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல.

மறுநாளே லேப்டாப்ப துணியில சுத்தி பொன்னேரிக்கு எடுத்துக்கினு போனேன். ரிப்பேர் கடை பிராங்க்ளின் தொறந்து பாத்தான். உள்ள பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி செத்துப்போச்சி, எப்போ போட்டாலும் ஒரே பழைய தேதியிலதான் முழிக்குது, உங்க பொண்ணு தேதிய வச்சித்தான் பேர கலைக்கச் சொல்லியிருக்கு, தேதி மாறலன்னா வரிசையும் மாறாதுன்னான். ரெண்டாயிரமாவது வருஷம் பொறக்கறப்போ கம்ப்யூட்டருக்குத் தேதி கொழம்பிடும்னு ஒலகமே நடுங்குச்சாம், அப்புறம் பெருசா ஒன்னும் ஆவலயாம், சிரிச்சிக்கினே சொன்னான். எனக்கு சிரிப்பு வரல.

நேத்து ஊரக் கூட்டி எல்லாத்தயும் சொல்லிட்டேன், தெரிஞ்சும் தெரியாத மாதிரி நான் இருந்ததையும் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டினாங்க, திட்டட்டும். மூணு வருஷத்துக்கு என் எடம் வேதாசலத்துக்குன்னேன். அவன் எடத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல. அப்போ ருக்கு மேல தப்பு இல்லியாண்ணான்னு கேட்டான், கேட்டுட்டு அங்கயே மண்ணுல குந்திட்டான்.

நீ மனசு ஒடைஞ்சிடாத, சின்னப் புள்ளையில எழுதினது, தப்பு உன்னுது இல்ல, மூடிக்கினு இருந்த என்னுது. அம்மன் உங்க ரெண்டு பேரையும் கண்ணா பாத்துக்குவா, வேளைக்கு சாப்புடு. ஒன்னு மட்டும் மறக்காத. ருக்கு நம்பர கீழ எழுதிக்கீறேன். வேதாசலம் போட்டா அவ எடுக்க மாட்டேங்கறா, நான் போட்டாலும் எடுக்கல. உன் மேல அவளுக்குப் பிரியம், உன் போன எடுப்பா. அவ ராசி இல்லாதவ இல்லன்னு, அந்த புரோகிராம எழுதின நீயே அவகிட்ட சொல்லு.

உன் நைனா
துளசிங்கம், பசியாவரம்