உம்மா ஏறிய மரம்

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சுனாமியில் உம்மா மவுத்தான அன்று எந்த மரத்தில் ஏறினா என்று உன் வனவியல் ஆராய்ச்சிக்காகக் கேட்டிருந்தாய். நான் ஏறியது பள்ளி மினாராவைவிட உயர்ந்த தென்னை. ஒரு கையாலேயே நாலு பேரைத் தூக்கிவிட்டேன். உனக்குக் கம்பஸில் படிப்பிக்கிற சேரிடம் சொல்லு, எனக்கும் ஒரு பட்டம் தரட்டும்.

சின்ன வயதில் என் ராத்தாவுக்கு, அதுதான் உன் உம்மாவுக்கு, தென்னை ஏற வராது. குசினிக்குப் பின்னால் நின்ற முருங்கைதான் அவவுடைய மரம். "டேய் தம்பி, பாத்தியாடா, உன்னவிட உசரத்துல நிக்கன்!" என்று சிரிப்பா. லேசாக முறிகிற மரம் என்று வாப்பா ஏசினாலும் கேட்கமாட்டா.

நாட்டில் சண்டையும் முடிந்து பாதை திறந்துவிட்டது. வந்து மரங்களை அளந்துகொண்டு போ. உம்மா ஏறியதும் தென்னை என்றே எழுது மகள். என் கதைகளில் பாதியை நீ நம்பமாட்டாய். இதை மட்டும் நம்பு.

துஆவுடன்,
உன் மாமா