செக்கு எங்கே நிற்கிறது

2-2-1967, வியாழன். பாம்பூஃப்ளாட், அந்தமான்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் கிளாரா எழுதுகிறாள். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சரி மாமா என்றாள். அந்த 'சரி மாமா'வையும் எழுதிவிட்டாளாம்.

விஷயம் இதுதான். நம் எண்ணெய் ஆலைக்கு இரண்டாவது செக்கு வாங்க வேண்டும் என்கிறான் மகன் தாமஸ்.

"யப்பா, இருக்கிற செக்கு தாங்கல. ரங்கத் கடைக்காரர் கிருஷ்ணமூர்த்தி நேர்லயே வந்துட்டுப் போயிட்டாரு. அடுத்த தடவையும் டின் இல்லன்னா மெயின்லேண்ட் எண்ணெய இறக்கிக்கிடுவேன்னுட்டாரு."

மெட்ராஸ் எந்திரக் கம்பெனியின் ஆள் ஈஸ்டர் கழிந்து வரும் கப்பலில் வருகிறாராம். அதற்குள் தோப்பை அடமானம் வைத்தாக வேண்டும். அதற்கு என் கைநாட்டு வேண்டும். தோப்பு என்றால் வீடும் சேர்த்துத்தான். வீடு தோப்புக்குள் இருக்கிறது.

"வேல எங்க முட்டுதுன்னு தெரியாம தோப்ப எழுதிக் குடுக்க முடியாதுல. நான் உக்காந்து பாக்கேன். பாத்துட்டுப் பெருவிரல நீட்டுதேன்."

பார்த்ததை நான் மறக்கிறவன் இல்லை. ஆனால் நாளைக்கு அவன் ஒன்று சொல்லி நான் ஒன்று சொல்லக் கூடாது. அதற்காகத்தான் இந்த எழுத்து.

3-2-1967

கொப்பரை கடிக்கிறதையும் எழுதணுமா மாமா என்று கிளாரா கேட்டாள். அதில் எழுத என்ன இருக்கிறது? சரி, கேட்டுவிட்டாள், எழுதட்டும்.

ஐம்பத்து மூன்றில், மழை விடாத ஒரு கார்த்திகையில், அவசரப்பட்டு ஈரக் கொப்பரையை ஆட்டினோம். போன டின் எல்லாம் காறல் வாடையோடு திரும்பி வந்தது. திருப்பிக் கொண்டுவந்த படகின் பாயில் பச்சைத் துணி ஒட்டுப் போட்டிருந்தது. படகுக்காரன் மூக்கைத் துண்டால் கட்டியிருந்தான். அந்த மூக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று முதல் மூட்டைக்கு ஒரு துண்டு எடுத்துக் கடித்துப் பார்ப்பேன். சரியாகக் காய்ந்தது பல்லில் நொறுங்கும். ஈரம் இருந்தால் வழுக்கும். என் பல்லில் படாத மூட்டை பதினான்கு வருஷமாகச் செக்குக்குப் போனதில்லை. செபஸ்தியான் எண்ணெய் என்று என் பேரைச் சொன்னால் போர்ட் பிளேரில் முகர்ந்துகூடப் பார்க்காமல் வாங்குகிறார்கள்.

6-2-1967, திங்கள்

காலை முதல் செக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாமஸ் சொல்வது பொய். செக்கு திணறவில்லை. நாள் முழுக்கச் சும்மா நின்றது. எஞ்சின்காரர் இராமகிருஷ்ணன் அதன்மேல் சாய்ந்து தூங்கினார்.

"என்னய்யா இது?"

"சரக்கு வந்தா ஓட்டுவேன் அண்ணாச்சி. எனக்கு என்ன."

கொட்டகையில் மூட்டை பார்க்கும் பொன்னம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணாச்சி, அந்தப் பக்கம் வாறீகளா?" என்றாள். முக்கியமான வேலையில் இருக்கிறேன், போ என்றேன்.

ஆகவே கோளாறு செக்கில் இல்லை. கொட்டகையிலோ படகிலோ இருக்கிறது.

8-2-1967, விபூதிப் புதன்

தபசு காலம் தொடங்கியது. நாற்பது நாளும் எனக்கு ஒருசந்தி. உச்சி மணி அடிக்கும்வரை பீடி தவிர வாயில் ஒன்றும் படாது. இப்போது அவ்வளவு கட்டாயம் இல்லை என்று சாமியார் போன வருஷமே சொன்னார். கொப்பரையைக் கடித்துவிட்டுத் துப்பினால் நோன்பு முறியாது என்றும் சொன்னார். நான் துப்புகிறவன் இல்லை. நல்ல கொப்பரையை யார் துப்புவார்கள்?

14-2-1967

இன்று படகுத் துறையில் உட்கார்ந்தேன். வடக்கு ஊர்களிலிருந்து கொப்பரை ஏற்றிவரும் ஹரிபத, வெயில் ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டான். மூட்டையை இறக்கினான். அப்புறம் போகவேண்டியதுதானே? போகவில்லை. படகிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டான்.

பெங்காலியானாலும் இருபது வருஷத்தில் எல்லாப் பாஷையையும் கலந்து பேசுவான். "ஜானா ஹை சாச்சா, போகணும். வாபஸ் மூட்டை இருந்தா திருப்பி எடுக்கணும்ல. பாஸ் ஆயிடுச்சுன்னு தெரியாம எப்படிப் போறது?"

"பாஸ்னு யாருடே சொல்லணும்?"

அவன் தாடையை என் பக்கம் நீட்டினான். பீடி கேட்கிறான் என்று ஒன்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். உச்சி வரை இருவரும் புகைத்தோம்.

படகுக்காரர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள். எழுது.

கிளாரா எழுதிக்கொண்டே சிரிக்கிறாள். என்னம்மா என்றேன். ஒண்ணும் இல்ல மாமா, பேனா மை கசியுது என்றாள்.

20-2-1967

மூன்று நாளாகக் கொட்டகையில் உட்கார்ந்து பொன்னம்மாவைக் கண்காணிக்கிறேன். கூரை வரை மூட்டை. கொப்பரை வாடையில் தலை சுற்றுகிறது. நடக்க வழி இல்லை. தரை சிமெண்டா மண்ணா என்றுகூடத் தெரியவில்லை.

காலையில் எல்லாப் பெண்களும் மூட்டைமேல் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். ஏன் என்றால், "நேரம் ஆகட்டும் அண்ணாச்சி" என்கிறாள் பொன்னம்மா. உச்சி மணி அடித்து, நானும் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து கடிக்கத் தொடங்கினால், பேய் பிடித்த மாதிரி வேலை செய்கிறார்கள். சாயங்காலம் செக்கு புகைய ஓடியும் தீரவில்லை.

தாமஸ் வந்து அதைத்தான் காட்டுகிறான். "பாத்தீகளா யப்பா. ஒரு செக்கு பத்துமா இதுக்கு?"

எனக்குத் தோன்றுவது வேறு. காலையில் சோம்பல். நான் வந்து நின்றால்தான் கை அசைகிறது. ஆளை மாற்ற வேண்டும், எந்திரத்தை அல்ல. பொன்னம்மாவை நிறுத்திவிடலாமா?

27-2-1967

பொன்னம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஈஸ்டர் வரை தவணை, அதற்குள் காலை வேலை சரியாகாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று. அவளுக்குப் புருஷன் இல்லை, பிழைப்பு இது ஒன்றுதான். ஆனாலும் வேலை என்றால் வேலை.

"சரி அண்ணாச்சி. இன்னைக்கு மூட்டையக் கடிச்சிட்டீகளா?"

பேச்சை மாற்றுகிறாள்.

இரவு சாப்பாட்டில் கிளாரா மீன் குழம்பை என் முன்னால் வைத்த சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

3-3-1967, வெள்ளி

ஒரு மூட்டையில் சிரட்டைச் சில்லு கிடந்தது. அதையும் சேர்த்துக் கடித்துவிட்டேன். முன் பல் இரண்டும் போய்விட்டன. இருந்ததே நாலு.

4-3-1967

கன்னம் வீங்கி இருக்கிறது. நான் எழுந்து வரும்வரை ஒரு மூட்டையும் செக்குக்குப் போகக் கூடாது என்று தாமஸிடம் சொல்லி அனுப்பினேன்.

5-3-1967

வலி.

7-3-1967

காலையிலிருந்து எஞ்சின் சத்தம் கேட்கிறது. என் கட்டில் இருக்கும் அறை வரை கேட்கிறது. காலையில்! வெறும் செக்கை ஓட்டிப் பழுது பார்க்கிறார்கள் போலும்.

8-3-1967

பழுது பார்ப்பதற்கு இவ்வளவு நேரம் ஆகாது. வெறும் செக்குக்கு ஒரு சத்தம், சரக்கு போட்ட செக்குக்கு ஒரு சத்தம். இது சரக்கு போட்ட சத்தம். யார் கடித்தது?

9-3-1967, வியாழன்

கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு போனேன். கொட்டகைக்குள் நுழைந்ததும் வழி தவறிவிட்டோமோ என்று நினைத்தேன். மூட்டை இல்லை. இந்தப் பக்கம் நாலைந்து, செக்குப் பக்கம் நாலைந்து. தரை சிமெண்ட்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நானே பூசச் சொன்னது. ஒரு நாய் கால் நீட்டிப் படுத்திருந்தது. படுக்க இடம் இருந்தது.

ஹரிபதவின் படகைத் துறையில் காணோம். போய்விட்டானாம். காலையிலேயே.

பொன்னம்மா ஒரு துண்டை எடுத்துக் கையால் ஒடித்தாள். படக் என்றது. மூட்டையைச் செக்குப் பக்கம் தள்ளினாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல அண்ணாச்சி. சும்மா கெடந்துச்சு, ஒடிச்சேன்."

"ஈரம் போயிருந்தா?"

"ஒண்ணு போச்சு. செவ்வாக்கிழம. அந்த ஒரு டின்ன சோப்புக்குத் தனியா எடுத்து வச்சிருக்கேன். மோந்து பாக்கீகளா?"

முகர்ந்து பார்த்தேன். காறல்தான். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுது, பரவாயில்லை.

அப்புறம் மற்ற டின்களையும் ஒவ்வொன்றாக முகர்ந்தேன். அவை நன்றாக இருந்தன. அத்தனையும் நன்றாக இருந்தன. கிருஷ்ணமூர்த்தி கேட்ட டின் எல்லாம் மூடி போட்டு வரிசையாக நின்றது.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

10-3-1967

கிளாராவிடம் இதுவரை எழுதியதையெல்லாம் படிக்கச் சொன்னேன். படித்தாள். பிப்ரவரி ஆறு படித்தபோது நிறுத்து என்றேன். மறுபடி படிக்கச் சொன்னேன். பொன்னம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள் என்ற இடம்.

செக்கைப் பார்க்க நான் செக்கடியில் உட்கார்ந்தேன். அதனால் செக்கு நின்றது. படகைப் பார்க்கத் துறையில் உட்கார்ந்தேன். படகு நின்றது. நான் எங்கே இருந்தேனோ அதைத் தவிர எல்லா இடத்தையும் பார்த்திருக்கிறேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"பொன்னம்மாவுக்கு?"

"தெருவுக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"எங்க முட்டுதுன்னுதான் கேட்டீங்க மாமா. யாரால முட்டுதுன்னு கேட்டிருந்தா யாராவது சொல்லிருப்பாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்லிருக்க மாட்டாங்க" என்றாள்.

தாமஸைக் கூப்பிட்டேன். அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சின்ன வயசில் அடி வாங்க வரும்போது நிற்கிற அதே நிலை.

"உனக்குமா?"

"பாதி தெரியும்."

"ரெண்டாவது செக்கு வந்தா அதுவும் என் பல்லுக்குத்தான காத்துக் கெடக்கும்?"

"அது வந்தப்புறம் பாத்துக்கிடலாம்னு இருந்தேன் யப்பா."

"தோப்ப அடமானம் வச்சிட்டுப் பாக்கவா? வீடும் போயிருக்கும்லடே."

அவன் நிலைக்கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "கடிக்க வேண்டாம்னு உங்ககிட்ட சொல்றதவிட அது லேசாத் தெரிஞ்சுது."

தோப்பில் காற்று நன்றாக வந்தது.

11-3-1967

பொன்னம்மாவிடம் தவணை ஒன்றும் இல்லை என்று சொன்னேன். "ரொம்பச் சந்தோசம் அண்ணாச்சி, நான் வேற எடம் எதுவும் பாக்கல" என்றாள். பார்க்கப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தாள் போலிருக்கிறது.

19-3-1967, குருத்து ஞாயிறு

பூசை முடிந்து சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம். மற்றப் பாவங்கள் போக, ஒரு கைம்பெண்ணை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்ததையும் சொன்னேன். ஒருசந்தி இருக்க வேண்டாம் என்று நான் அப்போதே சொன்னேனே என்றார். இப்போது கடிக்கப் பல்லும் இல்லை சாமி என்றேன்.

3-4-1967, திங்கள்

எந்திரக் கம்பெனி ஆள் வந்தார். செக்கைச் சுற்றிப் பார்த்தார். மதியத்துக்குள் ஆட்டி முடித்து எஞ்சின் நின்றிருந்தது. "இதுக்கு இன்னொண்ணு தேவைப்படாதே" என்று அவரே சொன்னார். மீன் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

10-4-1967

போர்ட் பிளேரில் பல் கட்டுகிறவர் ஒருவர் வந்திருக்கிறாராம். தாமஸ் வந்து மெதுவாகச் சொன்னான். "யப்பா, செக்குக்குன்னு எடுத்து வச்ச பணத்துல கொஞ்சம் போதும். முழு செட்டு கட்டிடலாம். நல்லா கடிக்கலாம்."

கொட்டகையில் சத்தம் நின்றது. பொன்னம்மா கையில் துண்டை வைத்துக்கொண்டு ஒடிக்காமல் நின்றாள். இராமகிருஷ்ணன் எஞ்சின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வேண்டாம்டே. கஞ்சிக்குப் பல் எதுக்கு?"

படக் என்று பொன்னம்மா ஒடித்தாள்.

17-4-1967

துறையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஹரிபத மூட்டையை இறக்கியதும் மரியாதைக்கு ஒரு துண்டு கொப்பரை கொண்டுவந்து என் கையில் வைக்கிறான். "டெஸ்ட் கரோ, சாச்சா" என்கிறான். வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறேன். அது ஊறி மெத்தென்று ஆகி, நன்றாகக் காய்ந்ததுதான் என்று நான் தலையாட்டுவதற்குள், அவன் அடுத்த நடை போய்விட்டுத் திரும்பி வந்துவிடுகிறான்.