கை லீவரைக் கடைசியில் பார்த்துக்கலாம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன்; கால்கள் மட்டும் எப்போதும்போல வேலைநிறுத்தத்தில். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நாம் வாங்கிய பழைய காரின் கூடு பட்டறைக்கு வந்து இறங்கிவிட்டது. இரண்டே கதவு, துருப்பிடித்த கூரை, உள்ளே ஒன்றுமில்லை. எனக்கு மகாராணியின் ரதம் மாதிரி இருந்தது. அச்சகத்தில் பிழை திருத்தித் திருத்தி நான் சேர்த்த பணம் பாதி, நீ போடுவது பாதி. அதற்குள் முடியவேண்டும் என்பதால் எது முதலில் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலில் கிளட்ச் இல்லாத கியர்பெட்டி. அதோடு பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையாலேயே இயக்குகிற லீவர். அவற்றுக்குப் பொருந்துகிற எஞ்சின். பெயின்ட், சீட்டெல்லாம் காசு மிஞ்சினால். மிஞ்சாவிட்டால் துருவோடே ஓட்டிக்கொண்டு போகிறேன்.

இன்றும் பஸ் கண்டக்டர் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஏற்றினார். "சீக்கிரம் பிடிச்சுக்கம்மா, லேட்டாகுது" என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் யார் கையும் மேலே படாமல் நான் வேலைக்குப் போகவேண்டும் அண்ணா. அவ்வளவுதான் என் ஆசை.

உன்,
சில்வண்டு

பிப்ரவரி 20

என் சில்வண்டுக்கு,

துருவோடு ஓட்டுவாளாம்! என் தங்கை தகர டப்பாவில் போனால் என் மானம் என்ன ஆவது? நீ ஒன்றுக்கும் அலட்டிக்கொள்ளாதே. பட்டறைக்காரரிடம் நானே போனில் பேசிவிட்டேன், இனி என்னைக் கேட்டுத்தான் செய்வார். வண்டியும் என் பெயரிலேயே இருக்கட்டும், வரி கட்டுகிற அலைச்சல் உனக்கு எதற்கு?

ஒரு நல்ல சேதி. விபத்தில் சிக்கிய பந்தயக் கார் ஒன்றின் எஞ்சின், கியர்பெட்டியோடு பாதி விலைக்கு வந்தது. கிளட்ச் உள்ளதுதான். விட்டால் கிடைக்காது என்று அமுக்கிவிட்டேன். அது உறுமுவதைக் கேட்டால் நீயே சொக்கிப்போவாய். கை லீவர் என்ன பெரிய விஷயம், கடைசியில் பார்த்துக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 3

அண்ணா,

எஞ்சின் உறுமியதைக் கேட்டேன். சொக்கவில்லை, வயிறு எரிந்தது.

"இதுல கை லீவர் எப்படி வைப்பீங்க?" என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார். "லீவர் வச்சிரலாம்மா. கிளட்ச்சை யாரு மிதிக்கிறது? கியர்பெட்டியையே மாத்தணும். உங்க அண்ணன்கிட்ட சொன்னேன். நீங்க எஞ்சினை ஏத்துங்க, அவகிட்ட நான் பேசிக்கிறேன்னுட்டாரு" என்றார்.

நீ என்னிடம் பேசவே இல்லையே. இன்னும் ஒன்றும் முழுகிப்போகவில்லை. பெயின்ட் அடிக்கவில்லை, பட்டறையில் நாம் கட்டிய பணத்தில் மிச்சம் இருக்கிறது. அந்த எஞ்சினை விற்றுவிடு அண்ணா, கெஞ்சிக் கேட்கிறேன்.

சில்வண்டு

ஆகஸ்ட் 9

சில்வண்டுக்கு,

கோபமா? இத்தனை நாள் பதில் போடாதது தப்புதான், வேலை கழுத்தை நெரித்தது. பட்டறைக்காரர் அனுப்பிய போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன், பார். மாதுளைச் சிவப்பு! தோல் சீட், அகல டயர். இங்கே எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். "தங்கச்சிக்காகவா? உன்னை மாதிரி அண்ணன் யாருக்குடா கிடைப்பான்" என்றான் அறைத்தோழன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பட்ஜெட் துடைத்து வைத்தாற்போல் காலி. கியர்பெட்டியை அடுத்த வருஷம் பார்க்கலாம். டிசம்பரில் ஒரு மாத லீவில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், நீயும் அதிலேயே வா. கால் தரையில் படாமல் உன்னை எல்லா இடமும் கூட்டிப்போகிறேன். நான் இருக்கும்போது நீ எதற்கு ஓட்டவேண்டும்?

அன்புடன்,
அண்ணன்

நவம்பர் 28

அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரர் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். தெருவே கூடிவிட்டது. அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். சீட் அத்தனை தாழ்வு, என்னால் ஏற முடியவில்லை. அவர்தான் இடுப்பைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தார். ஊன்றுகோல்கள் எங்கேயும் நுழையவில்லை, மடியில் குறுக்கே வைத்துக்கொண்டேன். ஒரு சுற்று போய்வந்தோம். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று பக்கத்து வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துவிட்டார்.

நீ கெட்டவன் இல்லை. அதனால்தான் மனசு ஆற மாட்டேன் என்கிறது. டயரின் அகலத்தைக்கூட யோசித்த உனக்கு என் கை மட்டும் கடைசியில் வந்தது. கடைசி வருவதற்குள் என் பணமும் தீர்ந்துவிட்டது. "நான் இருக்கும்போது" என்று எழுதியிருக்கிறாய். வருஷத்தில் ஒரு மாதம் இருப்பாய். மற்ற மாதமெல்லாம் அந்தக் கண்டக்டர்தான் எனக்கு அண்ணன்.

வண்டி உன் பெயரில் இருக்கிறது, உன்னிடமே இருக்கட்டும். சாவி பட்டறையில். என் பங்கைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் அதையும் அடுத்த வருஷம் என்பாய். அச்சகத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துவிட்டேன். தரைத்தளம், வாசலில் படி கிடையாது. பஸ்ஸும் வேண்டாம், கையும் வேண்டாம். அந்த விலாசத்தை உனக்கு எழுதப்போவதில்லை.

ஸ்டேஷனுக்கு நான் வர மாட்டேன். வீட்டு வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்காதே, பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கை