கொடுத்ததைத் திருப்பிக் கேள்

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்காலையும் குளியலறைக் குழாயையும் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே எல்லாம் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகம் என்று நேற்று உன் வாயாலேயே கேட்டேன், கேட்டு முடித்தபோது என் சுகம் போய்விட்டது. தபாலில் போட்டால் பேரன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் வரும் என்பதால் எழுதிப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். நேற்றுக்குப் பிறகு அப்பா கூப்பிட்டால் எடுக்காதவள் படம் வந்தால் பார்ப்பாய். முதலில் கீழ்வீட்டுக்குப் போய் நீ கொடுத்த பால்மாவு டப்பாவைத் திருப்பி வாங்கு, மீதியைப் பிறகு வாசி. காரணம் தெரியாமல் நீ நாற்காலியை விட்டு எழ மாட்டாய், என் மகள்தானே, அதனால் காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

ரயில் நிலையத்தில் அறிவிப்பு மைக் முன் உட்கார்ந்து ஆயுள் முழுதும் தாமதத்துக்கு வருந்தியவன் நான், ஓய்வு பெற்றபின் இந்தப் பால்மாவு நிறுவனம் என்னைக் கூப்பிட்டதும் குரலுக்காகத்தான். கிருமி கலந்த டப்பாக்களை வாங்கியவர்களைப் போனில் பிடித்து, பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லும் வேலை. ஆனால் வருந்துகிறோம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாதாம், வருந்தினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்கிறார் வக்கீல். கிருமி என்றும் சொல்லக் கூடாது, தர மாறுபாடு என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியதெல்லாம் ஒரு தாளில் அச்சாகி எதிரே ஒட்டியிருக்கிறது. ஜன்னல் இல்லாத ஹால், ஆளுக்கொரு அட்டைத் தடுப்பு, பஞ்சு பிய்ந்த ஹெட்போன், அதில் முந்தின ஷிப்டுக்காரரின் தலையெண்ணெய் வாசம். ஒருவர், சரி சார், இதுக்குப் பதிலா என்ன இலவசமா தருவீங்க என்றார். ஒரு பெண்மணி நான் ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்து, எங்க வீட்ல குழந்தையே கிடையாது என்று சத்தியம் செய்தார், பின்னால் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. இதெல்லாம் சிரிக்கக் கூடியவை. சிரிக்க முடியாதது என்னவென்றால், டப்பாவைக் குப்பையில் போட்டேன் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. பதிலைக் குறிக்க, டப்பாவை வைத்திருக்கிறார், எறிந்துவிட்டார் என்று இரண்டு கட்டம்தான் தாளில் இருக்கிறது. பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாததை நம்மவர்கள் எறிவதில்லை, இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குக் கட்டம் கிடையாது. சோற்றுப் பருக்கை சிந்தினால் உன் தலையில் குட்டி, வேண்டாததைக் கெடும் முன்னே யாருக்காவது கொடு என்று சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள்தான், அது எப்படிப்பட்ட புத்திமதி என்று இப்போதுதான் தெரிகிறது.

போன வாரம் ஒரு வங்கி அதிகாரியின் மனைவியைக் கூப்பிட்டேன். எங்க குழந்தை அதைத் துப்பிடுச்சு சார், நாங்க எதையும் வீணாக்கறதில்ல, மாடிப்படி துடைக்க வர்றவளுக்குக் கொடுத்துட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அவரிடம் நம்பர் வாங்கி மாடிப்படி துடைக்கிற பெண்ணைப் பிடித்தேன். அவள், என்ன சார், கொடுத்துட்டு இப்பக் கணக்குக் கேக்குதா அந்தம்மா, டப்பாவத் தின்னுட்டா சம்பளத்துல பிடிப்பாங்களாமா என்று என்னை ஒரு பிடி பிடித்தாள், பிறகு, எனக்கெதுக்கு பால்மாவு, என் தங்கச்சிக்குக் கொடுத்தேன், அவதான் பிள்ளை பெத்திருந்தா என்று நம்பரைக் கொடுத்தாள். பெத்திருந்தா என்று அவள் சொன்னது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தங்கை தையல் கம்பெனியில் சட்டைக்குப் பொத்தான் வைக்கிறவள். போனை எடுத்து, சொல்லுங்க என்றாள். நான் தாளைப் படித்தேன். மூன்றாவது கேள்வி, குழந்தை நலமாக உள்ளதா. போயிடுச்சு சார், காய்ச்சல்னாங்க, வெட்டி வெட்டி இழுத்துச்சு, போன செவ்வாய்க்கிழமை போயிடுச்சு என்றாள். இவ்வளவு சின்னக் குரலில் ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. அடுத்த கேள்வி டப்பா எங்கே என்பது. அதைக் கேட்டேன், கேட்கத்தான் வேண்டியிருந்தது. அதைப் பார்க்கவே முடியல சார், எங்க பின்வரிசை வீட்டுல ஒருத்திக்குப் பிள்ளை பிறந்திருக்கு, என் பிள்ளை பேரைச் சொல்லி அது குடிக்கட்டும்னு கொடுத்துட்டேன் என்றாள்.

அவளே, அப்ப அதனாலயா சார் என்று கேட்டாள். அந்த இடத்தில் படிக்க வேண்டிய வாக்கியம் தாளில் தயாராக இருக்கிறது, எங்களால் எதையும் உறுதிப்படுத்த இயலாது என்று. எனக்கு அது வாயில் வரவில்லை. தெரியலம்மா, ஆனா அந்தப் பிள்ளை அதைக் குடிக்கக் கூடாது, ஓடும்மா என்றேன். அவள் போனை அணைக்காமலே ஓடினாள். செருப்புச் சத்தம் கேட்டது, கொஞ்ச தூரத்தில் செருப்பும் கழன்றுவிட்டது போல, வெறும் காலின் சத்தம், குழாயடியில் குடம் நிறைவது, மூச்சு, கதவைத் தட்டுவது, எல்லாம் என் காதுக்குள்ளேயே. என்னக்கா, கொடுத்தத வாங்கிட்டுப் போக வந்துட்டியா என்று ஒரு பெண் சிரித்தாள். ஆமா, தா என்றாள் இவள். இதென்னக்கா பழக்கம், பிள்ளை வாயில வெக்கப் போறப்ப வந்து கேக்கற, இதுக்கு நீ கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அந்தக் குரல் மாறியது. இவள் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. பாட்டில் கீழே விழுந்து உருண்டது, டப்பா மூடி சுழன்று சுழன்று அடங்கியது. பிறகு போனில், வாங்கிட்டேன் சார், ரெண்டு நாளா குடிச்சிருக்காம், என்ன செய்யணும் என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போகச் சொல்லு, டப்பாவையும் எடுத்துக்கிட்டுப் போங்க என்றேன். இன்று காலை விசாரித்தேன். அந்தப் பிள்ளைக்கு ஊசி மருந்து ஏறுகிறது, வீட்டுக்கு அனுப்பவில்லை, அனுப்புவோம் என்றும் சொல்லவில்லை. அழைப்பு நீண்டுவிட்டது என்றும், ஓடு என்ற சொல் தாளில் இல்லை என்றும் எங்கள் மேற்பார்வையாளர் எனக்கு எழுத்து மூலம் தெரிவித்தார், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நானும் எழுத்து மூலமே தெரிவித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால்கள் காதைவிட்டுப் போகவில்லை. உன் அம்மா எந்த டப்பாவைத் திறந்தாலும் நான் எழுந்து போய்ப் பார்க்கிறேன். பார்த்து என்ன, அந்த மாவில் நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை, கிருமி காய்ந்து கிடக்கும், வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால் எழுந்துகொள்ளும்.

உங்கள் நாட்டுக்குப் போன டப்பாக்களும் இதில் சேர்த்தி என்று நேற்றுத்தான் அறிவித்தார்கள், அதனால்தான் அவசரமாகக் கூப்பிட்டேன். நீயோ, பையன் அதைத் தொடவே இல்லப்பா, கீழ்வீட்ல பத்து நாள் குழந்தை, அவளுக்குப் பால் சுரக்கல, கொடுத்துட்டேன் என்றாய். டப்பா அடியில் இருக்கும் தயாரிப்பு எண்ணைப் பார்த்தாயா என்றால் இல்லை என்றாய். போய் வாங்கு என்றால், கொடுத்ததை எப்படிப்பா திருப்பிக் கேக்கறது, அல்பம்னு நினைப்பா, பார்க்கலாம் என்று வைத்துவிட்டாய். உன் பிள்ளைக்கு ஐந்து மாதம், தாங்கியிருப்பான். பிறந்து பத்து நாள் ஆனது தாங்காது. அந்தப் பொத்தான்காரி செத்த தன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கொடுத்ததையே வெறுங்காலோடு போய்த் திருப்பிக் கேட்டாள், தெருவே பார்த்தது. உன்னைக் கீழ்வீட்டுக்காரி ஒருத்தி அல்பம் என்று நினைத்துக்கொள்ளட்டும், ஆயுளுக்கும் நினைத்துக்கொள்ளட்டும், அப்படி நினைக்க அவள் பிள்ளையோடு நன்றாக இருக்கட்டும்.

வெறுங்கையோடு போகாதே, பால் இல்லாதவளிடம் டப்பாவைப் பிடுங்கினால் பிள்ளை எதைக் குடிக்கும், வேறு கம்பெனி டப்பா வாங்கிக்கொண்டு போ என்று அம்மா சொல்லச் சொன்னாள். சொன்னது நியாயம், ஆனால் கடைக்குப் போவது இரண்டாவது, கதவைத் தட்டுவது முதலில். கரைத்து வைத்த பாட்டில் இருந்தால் கொட்டச் சொல். பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தாலும் டாக்டரிடம் காட்டச் சொல். டப்பாவைக் கையோடு எடுத்து வந்து உறை போட்டுக் கட்டி வை, இரக்கப்பட்டு இன்னொருவருக்குக் கொடுத்துவிடாதே. மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசி, நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டு வாழ வேண்டும், கீழ்வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாங்கியதும் கூப்பிடு. இன்று வேலைக்குப் போகவில்லை.

போனைக் கையில் வைத்துக்கொண்டு,
அப்பா