செகண்ட்ஸ் கிண்ணத்துப் பருப்பு

ஐப்பசி 12, திங்கள்

காலையிலிருந்து தூறல். மெட்ராஸ் மாமா வாங்கி அனுப்பிய குக்கரை இன்று முதல்முறை நானே ஸ்டவ்வில் ஏற்றினேன். அம்மா வயிற்றில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார்கள். விறகடுப்பு மூட்டினால் பள்ளியில் முதல் மணி போய்விடும். குக்கர் என்றால் சோறும் பருப்பும் ஒரே நேரத்தில்.

ஒரே பயம். வெயிட் ஆட ஆரம்பித்ததும் தோட்டத்துக்கு ஓடிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, "இன்னாடி செல்வி, குக்கரு உன்னத் தொரத்துதா?"

குக்கரோடு வந்த அடுக்குப் பாத்திரத்தில் ஒன்று வழியிலேயே நசுங்கிப் போச்சு. அதனால் பருப்புக்கு, அப்பா வேலை செய்யும் பீங்கான் தொழிற்சாலையில் செகண்ட்ஸ் என்று கழித்துவிட்ட கிண்ணம். வாய் கோணல், ஆனால் நல்ல கனம். இந்த ஊரில் கோணல் கிண்ணம் இல்லாத வீடு ஏது? மேலாக ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தேன். வெந்திருந்தது. அம்மாவுக்குப் பிசைந்து ஊட்டினேன்.

13, செவ்வாய்

மழை. அம்மாவுக்கு நேற்று ராத்திரி முழுக்க வயிற்று வலி. கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். நடுவில் பருப்பு மணல் மாதிரி நறநற. என்னால்தான்.

கம்பவுண்டர் வந்து மருந்து கொடுத்தார். "வேவாதத குடுத்தா தையலு தாங்குமாம்மா?"

சாயங்காலம் பெண்ணாடத்திலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா. விஷயம் கேட்டதும், "ஸ்கூல நிறுத்திடு தம்பி. அடுப்படியில நின்னு கத்துக்கட்டும். ஞாயித்துக்கெழம வரேன். அப்பவும் இதே கதைன்னா டீச்சருகிட்ட சொல்லிடு."

அப்பா பதில் பேசவில்லை. அப்பா பேசாவிட்டால் சரி என்றுதான் அர்த்தம்.

சிம்னி விளக்கைச் சின்னதாக்கி வைத்து எழுதுகிறேன். பார்த்தால் மண்ணெண்ணெய் வீண் என்று திட்டு விழும்.

15, வியாழன்

இரண்டு நாளாகக் கஞ்சிதான். குக்கரைத் தொடவில்லை. அம்மாவுக்கு வலி இல்லை.

கிண்ணத்தில் மட்டும் ஏன் வேகவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். "அது சூளையில வெந்து வந்த கிண்ணம்மா. உன் குக்கரு சூட்டுக்கெல்லாம் சட்டுனு அசையுமா?" சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுத்தபிறகு தோன்றியது: கனமான கிண்ணம், அதில் கழுத்துவரைக்கும் பருப்பு. சூடு நடுவுக்குப் போய்ச் சேருவதற்குள் இறக்கிவிட்டேன்.

நாளைக்கு:
பருப்பை முதலில் ஊற வைக்க.
டிபன் கேரியரின் மெல்லிசுக் கிண்ணம். பாதிக்கு மேல் வேண்டாம்.
தானாக அடங்கும்வரை மூடியைத் தொடக் கூடாது.
ஓட்டம் கூடாது.

16, வெள்ளி

வெயில்! அடி, நடு, ஓரம் எல்லாம் நசுக்கிப் பார்த்தேன். வெண்ணெய். அம்மா இன்னொரு கை கேட்டார்கள். ஓடவில்லை, வாசற்படி வரைக்கும்தான் போனேன். பள்ளிக்கு மணி அடிக்குமுன் போய்விட்டேன். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் ஜோதி என் மஞ்சள் ரிப்பனைத் திருப்பித் தந்தாள். அழுக்கு.

18, ஞாயிறு

மூட்டம். அத்தை வந்ததிலிருந்தே அவசரம். குக்கரை இறக்கி வைத்த உடனே, "தொறடி. பஸ்ஸு போயிடும்."

"ஆறட்டும் அத்த."

"சோத்துக்கு என்னாடி நல்ல நேரம்?" என்று கரண்டிக் காம்பால் வெயிட்டை நெம்ப வந்தார். நான் கையைப் பிடித்துவிட்டேன். அத்தையின் கையை! "தொடாதீங்க அத்த. ஆவி மூஞ்சில அடிக்கும்." கையை விடவில்லை.

அதற்குள் காம்பு லேசாகப் பட்டுவிட்டது. புஸ்ஸ்! அத்தை ஒரே எட்டில் கூடத்தில். "அடி ஆத்தாடி!"

"சிரிக்க வைக்காதீங்க அண்ணி, தையலு இழுக்குது" என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

பஸ் போய்விட்டது. ஆறிய பிறகு திறந்தேன். அத்தை கிண்ணத்தின் நடுவிலிருந்துதான் எடுத்தார். நசுக்கினார். அம்மா சாப்பிடுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உப்பு பத்தல."

அப்பா கேட்டார்: "அப்ப டீச்சருகிட்ட என்னாக்கா சொல்றது?"

"என்னாத்த சொல்றது? காலையிலயே வேல முடிஞ்சிடுது. மீதி நேரம் அந்தப் பூட்டுச் சட்டிக்கு எதுர்ல ஒக்காந்துகினு என்னா பண்ணப் போறா? ஸ்கூலுக்கே போவட்டும்."

அப்பா பதில் பேசவில்லை.

நாளை முதல் மணி கணக்கு. வீட்டுப்பாடம் ஒன்றுகூடப் போடவில்லை.